எழுதின புத்தகம் பாதி விலை: பாண்டி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடை

கடலூரில் காலை எட்டு மணிக்குப் பாண்டி பஸ் ஏறினால் தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி ஒன்பது மணிவாக்கில் இறங்கிவிடலாம், அப்புறம் காந்தி வீதிக்கு நடை. ஞாயிறு மட்டும் நடக்கும் சந்தை அது. நூறு ரூபாய் சட்டைக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் போடுகிறவர்கள் சிலர் உண்டு, அதில் ஒரு கடைக்கு மூன்று வருடமாகப் போய்வருகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையன், வெயில் ஏறினால் ஒரு குடை, அவ்வளவுதான்.

சரக்கில் பாதி போட்டித் தேர்வு கைடு, அதைத் தாண்டிப் போங்கள். பின்னால் அட்டைப்பெட்டிகளில்தான் விஷயம் இருக்கிறது: பழைய நாவல், பிரெஞ்சுப் பாடநூல், பக்திப் பாடல், சமையல். சுத்தமான புத்தகம் அச்சிட்ட விலையில் பாதி, உள்ளே யாராவது பேனாவால் எழுதியிருந்தால் அதிலும் பாதி. "எழுதின புக்கு யார் சார் வாங்குவா" என்பார். நான் வாங்குவேன். நான் அங்கே போவதே அதற்குத்தான்.

நான் எடுத்ததிலேயே உசத்தி, வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையை யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த புத்தகம். நம் வீடுகளில் அத்தைகளும் சித்திகளும் ஒரு காலத்தில் இதை ஒரு தவம் மாதிரி செய்தார்கள், பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரமும் பாதி ஜோக்கும் சேர்ந்தே வரும். இந்த அம்மா (கையெழுத்தை வைத்து அம்மா என்று நானே முடிவு கட்டிவிட்டேன்) ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் ஒரு வரி போட்டிருக்கிறார். "இந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை." "இவன் சரியில்லை." நடுவில் மூன்று வாரம் காணோம். அந்த இடத்தில் தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் மூன்று வாரக் கதையையும் எழுதித் தைத்திருக்கிறார், மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே "இந்த இதழ்கள் கிடைக்கவில்லை, எதிர்வீட்டில் கேட்டு எழுதியது" என்று ஒரு வரி. கேட்டு எழுதிய இடத்தில் கதாநாயகி பேசும் வசனம் பத்திரிகையில் அச்சானதைவிடச் சூடாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் சொன்னதா, இவர் கைச்சரக்கா, இனிமேல் யாரைக் கேட்பது! நாற்பது ரூபாய்க்கு இது கிடைத்தது.

வாடகை நூலக முத்திரை குத்திய ஒரு மர்ம நாவலில் 12ஆம் பக்கத்திலேயே "கொலை செய்தது டாக்டர்" என்று ஒருவர் பச்சை மையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அதன் கீழே வேறு கையெழுத்தில் "பாவி". பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் ஒன்றில் கடினமான சொல்லுக்கெல்லாம் மேலே குட்டிக் குட்டியாகத் தமிழ்ப் பொருள். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை என்று ஒன்று இருக்கிறதே, எழுதியவர் பெயர்கூடத் தெரியாது, அருஞ்சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே போவார், இந்தப் பாண்டி மாணவனும் பரீட்சைக்கு முதல் நாள் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறான்.

பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் முதல் பக்கங்களைப் புரட்டாமல் விடாதீர்கள். நூலைப் படித்த புலவர்கள் பாராட்டிப் பாடிக்கொடுத்த செய்யுள்கள் வரிசையாக இருக்கும், சாற்றுக்கவி, சிறப்புப்பாயிரம் என்பார்கள். பிடிக்காதவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை, கண்டனம் என்று தனிப் புத்தகமே போட்டார்கள், அதற்கு மறுப்பு, அந்த மறுப்புக்கு ஒரு மறுப்பு. 1867இல் வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சில் வந்ததும் அதை அருட்பா என்று சொல்லலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்ப, அந்தச் சண்டை முற்றி 1869இல் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்காகவே வந்து நின்றது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு புத்தகத்தின் பெயருக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, குறைக்கு வருகிறேன். போன வருடம் ஒரு சமையல் புத்தகம் எடுத்தேன், பக்கமெல்லாம் வெளிறிப்போய்ச் சொரசொரவென்று இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் மட்டும் தெரிகிறது: ரசத்துக்குப் பக்கத்தில் "புளி பாதி போதும்", வற்றல் குழம்புக்கு "அவருக்குப் பிடிக்கவில்லை", மற்றதெல்லாம் போச்சு. விசாரித்தால், சனிக்கிழமை ராத்திரி பையன் உட்கார்ந்து ரப்பர் போட்டு அழிக்கிறானாம், அழித்தால் சுத்தமான புத்தகத்தின் விலை கிடைக்குமே. எனக்கு வயிறு எரிந்தது.

நின்ற இடத்திலேயே அண்ணனுக்குக் கதை சொன்னேன். பிரான்சில் ஃபெர்மா என்று ஒரு வக்கீல், 17ஆம் நூற்றாண்டு, கணக்கில் புலி. பழைய கிரேக்கக் கணக்குப் புத்தகம் ஒன்றின் ஓரத்தில் ஒரு கணக்கு விதியை எழுதி, இதற்கு அருமையான நிரூபணம் வைத்திருக்கிறேன், எழுத இந்த ஓரம் போதாது என்று குறித்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். மற்றவர்கள் அதை நிரூபிக்க முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, 1995இல்தான் நிரூபணம் அச்சில் வந்தது. அவர் கைப்பட எழுதிய அந்தப் பிரதியும் தொலைந்துபோனது. 1670இல் அவர் மகன் அப்பாவின் குறிப்புகளையும் சேர்த்து அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சுப்போட்டதால்தான் விஷயமே வெளியே தெரியும், உங்கள் பையன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கு புக்கு அந்தப் பெட்டில இருக்கு சார்" என்றார்.

ஆனால் மண்டையில் ஏறியிருக்கிறது. இப்போது அழிப்பதில்லை. எழுதின புத்தகத்துக்குப் பாதி விலை என்ற கணக்கும் போய்விட்டது, நான் புரட்டும்போது முகத்தைப் பார்த்து இருபது ரூபாய் கூட்டிச் சொல்கிறார். நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. நீங்கள் போனால் எழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து "என்னண்ணே, கிறுக்கி வெச்சிருக்கு" என்று ஆரம்பியுங்கள், நிச்சயம் குறையும். பத்து மணிக்குள் போய்விடுங்கள், சில்லறை கொண்டுபோங்கள், பெட்டிகளில் தூசி அதிகம், தும்மல்காரர்கள் கைக்குட்டையை மறக்க வேண்டாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

போன ஞாயிறு 1958இல் அச்சான ஒரு நாவல் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் "மிகவும் அருமை, அழுதுவிட்டேன்" என்று இருந்தது. நீல ஜெல் பேனா, விரலால் தடவினால் ஒட்டியது. பையனைப் பார்த்தேன், அவன் குடையைச் சரிபண்ணப் போய்விட்டான். பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்து வாங்கிவந்தேன்.