பிள்ளைகளுக்குப் பறவை காட்ட: தேர்த்தங்கல் கண்மாயா, தனுஷ்கோடிப் பூநாரையா?

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பறவை காட்ட வேண்டும், எங்கே போகலாம்? பத்தில் எட்டுப் பேர் தனுஷ்கோடி என்பார்கள். பூநாரை (ஃபிளமிங்கோ), கடல், பாம்பன் பாலம் மூன்றும் ஒரே நாளில் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கம் ஈர்ப்பு இன்னும் கூடியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஐந்து வயதில் மகள், ஒன்பது வயதில் மகன். இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போனோம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற யார் கேட்டாலும் இப்போது நான் சொல்வது, நயினார்கோவில் பக்கத்துத் தேர்த்தங்கல் கண்மாய்தான்.

தூரம், செலவு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ தேர்த்தங்கலுக்கு அரை நாள் போதும். தனுஷ்கோடி என்றால் முழு நாள், அதிலும் ராமேஸ்வரத்தில் விடுமுறைக் கூட்டம். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் ராமேஸ்வரம் வசதி. தேர்த்தங்கலுக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: பறவை ஓரிடத்தில் நிற்கிறதா, இல்லையா.

பூநாரை தனுஷ்கோடிக்கு இரை தேடி வருகிறது, கூடு கட்ட வருவதில்லை. இந்தியாவில் அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பெரிய இடம் குஜராத்தின் கட்ச் பாலைவன உப்பு நிலம். இங்கே அதற்குக் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. காற்று திரும்பினால், நீர்மட்டம் ஏறினால், கூட்டம் அப்படியே எழுந்து இன்னொரு பக்கம் போய்விடும். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் நேற்று இருந்தது இன்றும் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும், சேற்றுத் திட்டுக்கு அப்பால் தொலைவில் நிற்கும். தொலைநோக்கி இல்லாத சின்னக் கண்ணுக்கு அது ஒரு வெள்ளை வரிசை, அவ்வளவுதான். தொலைநோக்கியைக் கொடுத்தாலும் ஐந்து வயதுப் பிள்ளை அதை ஆட்டாமல் பிடித்துப் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் கை வலித்துவிடும். நிழலும் கிடையாது. இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் வெயில்.

கண்மாய்ப் பறவை அப்படி இல்லை. முட்டை இட்டுவிட்டால் வாரக்கணக்கில் அதே மரம், அதே கிளை. இரைக்குப் போனாலும் அங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும். எந்த நேரத்தில் போனாலும் ஏதோ ஒரு கூட்டில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். “இப்ப வரும், பொறு” என்று பிள்ளையிடம் சொன்னால் உண்மையிலேயே வரும். அந்தச் சொல் பொய்க்காமல் இருந்தால்தான் பிள்ளை அடுத்த அரை மணி நேரம் நம்மோடு நிற்கும்.

எங்கள் பிள்ளைகள் அதிக நேரம் பார்த்தது மஞ்சள் மூக்கு நாரையைத்தான். சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். தாயோ தகப்பனோ வந்து இறங்கியதும் குஞ்சுகள் கழுத்தை மேலும் கீழும் ஆட்டிக் கத்தத் தொடங்குகின்றன. பெரிய பறவை குனிந்து, தொண்டையிலிருந்த மீனைக் கூட்டின் தரையில் கக்குகிறது. குஞ்சுகள் முட்டி மோதி எடுத்துக்கொள்கின்றன. வெயில் ஏறியதும் அதே பறவை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கிறது. மகள் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, அதுக்குக் கை வலிக்காதா?” என்று கேட்டாள். வளர்ந்த நாரை பெரும்பாலும் குரல் எழுப்பாது, அலகைத் தட்டித்தான் ஓசை எழுப்பும். அந்தத் தட்டலையும் குஞ்சுகளின் கூச்சலையும் பிரித்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தால் மரத்தைப் பார்க்காமலே எங்கே குஞ்சு இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்னொன்று, தனுஷ்கோடிக்குத் தேடிப் போகிற அந்த ரோஜா நிறம் இந்த நாரையின் வால் பக்கத்து இறகிலும் உண்டு. முதலில் யார் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடந்தது.

மகனுக்குப் பிடித்தது நத்தை குத்தி நாரை. மூடினாலும் அலகின் நடுவில் ஒரு சந்து தெரியும். “இதுக்கு வாய் மூடவே மூடாதாம்மா?” என்றான். நத்தை தின்கிற பறவை அது, குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருப்பதில்லை, வளர வளரத்தான் வரும் என்று சொன்னேன். உடனே மூடிய வாய்க் குஞ்சைத் தேடத் தொடங்கிவிட்டான். கரண்டிவாயன் தண்ணீரில் அலகை இடமும் வலமும் வீசி நடப்பதும், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைப்பதும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவதும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைக்குப் புரிகிற காட்சிகள்.

கண்மாய் என்றால் எல்லாக் கண்மாயும் ஒன்றா என்றால், இல்லை. இந்த மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், சக்கரக்கோட்டை என்று சரணாலயங்கள் பல. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் சேர்ந்தன, தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025-இல். பெயரில் எல்லாமே பெரிய இடங்கள்தான். ஆனால் பிள்ளைகளோடு போகும்போது பரப்பு பெரிதாக இருப்பது நமக்கு உதவாது. செல்வனூர் 593 ஹெக்டேர், தேர்த்தங்கல் ஏறக்குறைய 29 ஹெக்டேர்தான். சின்னக் கண்மாய் என்பதால் கரையில் நின்றால் மரங்கள் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. வாத்துக் கூட்டங்களைக் கணக்கெடுக்கிறவர்களுக்குச் செல்வனூர் சரி. காலை நீட்டி உட்கார்ந்து கூட்டைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்குத் தேர்த்தங்கல். சக்கரக்கோட்டை ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருப்பதால் பள்ளி விட்ட மாலையிலும் போய்வரலாம். நான் அங்கே மாலையில் மட்டுமே போயிருக்கிறேன், அடையத் திரும்பும் பறவைகள் நிறைய. கூடு பார்க்க அது எப்படி என்று அந்த மாலைகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தேர்த்தங்கலுக்கு ஒரு பெரிய நிபந்தனை உண்டு: தண்ணீர். இது மழை நம்பிய பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால்தான் பறவை வந்து கூடு கட்டும். வெறும் மீனுக்காக மட்டும் இல்லை. மரத்தின் அடியில் தண்ணீர் சூழ்ந்து நிற்பதுதான் நாய், பூனையிடமிருந்து கூட்டுக்குக் காவல். நடுவில் வற்றினால் காவலும் போச்சு, இரையும் போச்சு. 2016-இல் போல வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் கண்மாயை நம்பிப் புறப்படுவது வீண். நல்ல மழை ஆண்டில் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை குஞ்சுகளைப் பார்க்க ஏற்ற காலம்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “பிள்ளைகளச் சத்தம் போட வேணாம்னு சொல்லு தாயி, பெரிய பறவ எந்திரிச்சா குஞ்சு வெயில்ல காயும்” என்றார். அதைக் கேட்ட பிறகு இரண்டு பேரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்கள். நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்த அடக்கம் வந்திருக்காது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். கரையில் யாராவது “ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவை” என்பார்கள். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப இந்தப் பக்கமே இடம் மாறுகிறவை. ஊசிவால் வாத்து போன்றவைதான் இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை.

தனுஷ்கோடிக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். பூநாரைக் கூட்டம் எழும்பும்போது இறக்கைக்குள் மறைந்திருந்த சிவப்பும் கருப்பும் ஒரே நேரத்தில் விரிவதற்கு ஈடாக எந்தக் கண்மாயிலும் ஒன்றும் கிடையாது. அது அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்பதையும், உண்ணும் இரையிலிருந்துதான் அந்த நிறம் வருகிறது என்பதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் கண் விரியக் கேட்கும். அந்த வயதுக்கு, நல்ல தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால், நானே தனுஷ்கோடிதான் என்பேன். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தையும் காட்டலாம். இதே மாவட்டத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணமும் உண்டு. பிள்ளைகளுக்குப் படகு பிடித்திருந்தது, ஆனால் அவர்கள் கவனம் முழுக்கத் தண்ணீரில் இருந்ததே தவிரப் பறவையில் இல்லை.

தேர்த்தங்கலுக்குப் போவதென்றால் செருப்பு வேண்டாம், கெட்டி அடி உள்ள ஷூ போடுங்கள். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். சிவப்பு, வெள்ளைச் சட்டை தவிருங்கள். ட்ரோன் கூடவே கூடாது. காலை ஏழு மணிக்குக் கரையில் இருந்தால் பத்துக்குள் திரும்பிவிடலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் நயினார்கோவில் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வற்றிவிட்டது என்றால் யோசிக்காமல் ராமேஸ்வரம் வண்டியைப் பிடித்து, முதலில் கோதண்டராமர் கோயில் பக்கம் இறங்கிப் பாருங்கள்.