ஷ்வால்பே மாரத்தான் 40-622: செம்பனை முள்ளுக்கும் பழைய ரயில் தடத்துக்கும் ஒரே டயர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருந்து கோலகங்சார், தைப்பிங் வழியாகக் கோலா செபெத்தாங் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 140 கி.மீ. விடியலில் சைக்கிளில் கிளம்பினால் ஒரே நாளில் முடிகிற தூரம். தைப்பிங்கில் இருந்து கடல் பக்கம் போகும் கடைசிப் பகுதிதான் மலாயாவின் முதல் ரயில் ஓடிய தடம்: ஈயம் ஏற்றுவதற்காக 1885-இல் போட்டது, சுமார் 13 கி.மீ. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். இன்று மாத்தாங் வழிச் சாலையில்தான் ஓட்ட வேண்டும். கோலா செபெத்தாங்கில் மிஞ்சியிருக்கும் 'போர்ட் வெல்ட்' (ஊரின் பழைய பெயர்) பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. அதைப் பார்க்கவே ஒரு தரம் போகலாம்.

இந்த மாதிரிப் பயணத்தில் டயரைக் கெடுப்பது ரயில் தடம் இல்லை, அதற்குப் போய்ச் சேரும் வழி. தோட்டத்துச் செம்மண் சடக்கில் வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் முள் சாதாரண டயரைச் சுலபமாகத் துளைத்துவிடும். முனை உடைந்து உள்ளேயே தங்கிவிட்டால், புது டியூப் போட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பஞ்சர். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் சைக்கிள் டயரில் (40-622 என்றால் 40 மி.மீ. அகலம், 622 மி.மீ. ரிம்) தரையில் படும் ஓடுபரப்புக்கு அடியில் 3 மி.மீ. தடிப்பில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. பெரும்பாலான முள் அதைத் தாண்டுவதில்லை. ஆனால் குத்தி நிற்கும் முள்ளை அப்படியே விட்டால், சக்கரம் சுற்றச் சுற்ற அது உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அதனால் தோட்டத்தைத் தாண்டித் தார்ச் சாலை ஏறியதும் நிறுத்திச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, கத்தி முனையால் முள்ளைக் கெல்லி எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

5 மி.மீ. பட்டையுள்ள மாரத்தான் பிளஸ் இன்னும் பாதுகாப்பானதுதானே என்று கேட்பார்கள். பாதுகாப்பு கூடுதல்தான். ஆனால் இவ்வளவு தூரத்துக்கு நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளஸ்ஸின் எடையும் இழுவையும் மாலைக்குள் முழங்காலில் தெரியும். தினமும் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்குப் பிளஸ், நெடுந்தூரம் போகிறவருக்கு மாரத்தான் என்பது எங்கள் முடிவு.

காற்று: 75 கிலோ ஆளும் 5 கிலோ பையும் என்றால் பின்னால் 60 பி.எஸ்.ஐ., முன்னால் 50. மேல் அளவுக்கு அடித்து வைத்தால் சரளைக் கல்லில் கை மரத்துப்போகும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள். கல் விளிம்பில் இடித்து டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி ஜோடியாக ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுதான் குறைச்சல்.

மாட்டுவது கடினம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். புது டயரின் ஓரம் விறைப்பாக இருக்கும். சுழலும் திசைக்கான அம்புக்குறியைப் பாருங்கள். டியூபில் வடிவம் வருமளவுக்கு மட்டும் காற்று விட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். ஏற்கெனவே ஏறிய ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால்தான் கடைசி ஒரு சாண் ஏறும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவலாம். நெம்புகோலை அழுத்தி ஏற்றினால் டியூப் கிள்ளுப்பட்டுவிடும்.

ரிம்மில் 8.5 மி.மீ. துளை இருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள அதே வகை வால்வு டியூப் வாங்குங்கள். எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும், பெட்ரோல் நிலையத்திலும் காற்றடிக்கலாம். இரண்டு டியூப் கையில் இருக்கட்டும்: மழையில் ஈர டியூபில் ஒட்டு பிடிக்காது, மாற்றத்தான் முடியும். பழைய டியூபை வெளியே எடுத்ததும் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். மிச்ச முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் குத்தும்.

குறை இரண்டு. மழைக்குப் பிறகு செம்மண் இந்த டயரின் ஆழமில்லாத பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், வளைவில் வழுக்கும்; அந்த மாதிரி நாளில் தோட்டத்துக் குறுக்கு வழியை விட்டுச் சாலையிலேயே போங்கள். அடுத்தது பக்கவாட்டு. பாதுகாப்புப் பட்டை அங்கே கிடையாது. பழைய தடங்களில் கிடக்கும் கூரான கருங்கல் ஜல்லி அதைக் கிழிக்கலாம். கிழிந்தால், பழைய டயரில் இருந்து வெட்டிய மூன்று விரல் அகலத் துண்டை உள்ளே வைத்து, காற்றைக் குறைந்த அளவுக்கு மட்டும் அடித்து, மெதுவாக வீடு சேரலாம். அந்தத் துண்டைக் கிளம்பும்போதே இருக்கைக்கு அடியில் கட்டிவிடுங்கள்.