விகானில் பழைய வீட்டில் தங்க முன்பணம் கட்டுகிறவர்களே, ஒரு நிமிஷம்

நேற்று இரவுதான் பிலிப்பைன்ஸின் விகானிலிருந்து மணிலா திரும்பினோம். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய அந்தச் சமூக வலைத்தளப் பக்கம் இப்போதும் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்களிடம் பறித்தது 9,600 பெசோ. நம் ரூபாயில் 14,000-க்கு மேல்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் எனக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. இலோகோஸ் சுர் மாகாணத்தின் தலைநகர் விகானுக்கு இருவருமே போனதில்லை. ஹுவான் டி சல்செடோ 1572-ல் நிறுவிய ஸ்பானியர் காலத்து ஊர், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கீழ்த்தளம் செங்கல்லும் கல்லும், மேல்தளம் மரம், கண்ணாடிக்குப் பதில் காபிஸ் சிப்பி பதித்த இழுப்பு ஜன்னல்கள். அப்படி ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. காயே கிரிசோலோகோ தெருவுக்குப் பக்கத்தில் பாரம்பரிய வீடு, ஒரு இரவுக்கு 4,800. ஆயிரக்கணக்கில் லைக், வரிசையாகப் பாராட்டுகள். பேசிய பெண் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா மேம்? மேல்மாடிப் படி செங்குத்தாக இருக்கும்" என்று அவராகவே கேட்டார். "தெருப்பக்க அறை வேண்டாம், விடிகாலையிலேயே கலேசா வண்டிக் குதிரைகளின் குளம்புச் சத்தம் கேட்கும், அம்மா தூங்க முடியாது, பின்கட்டு அறையை ஒதுக்கித் தருகிறேன்" என்றார். ஒரு வீடியோவும் வந்தது. ஒரு கை ஜன்னல் பலகையை இழுக்கிறது, சிப்பி வழியாக மஞ்சள் வெயில் மரத்தரையில் கட்டம் கட்டமாக விழுகிறது. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அதற்கு அப்புறம்தான் பணப் பேச்சு. புனித வாரம், ஊரே நிரம்பிவிடும், முழுத் தொகையும் கட்டினால்தான் அறையைப் பிடித்து வைக்க முடியும் என்றார். மொபைல் வாலட்டுக்கு ஒரு எண் கொடுத்தார். அது தனி ஆளின் கணக்காக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "எங்கள் கணக்குப் பிள்ளையின் எண் மேம், எல்லோரும் இதில்தான் கட்டுகிறார்கள்" என்றார். 9,600 போனது. ஒரே நிமிஷத்தில் முத்திரையோடு ரசீது வந்தது.

இரவு பஸ்ஸில் கிளம்பி பெரிய வியாழன் விடியற்காலை இறங்கினோம். அந்த வீடு நிஜமாகவே இருக்கிறது. வீடியோவில் பார்த்த அதே ஜன்னல். கதவைத் திறந்த பெரியவர் ரசீதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். அவர்கள் அறை வாடகைக்கு விடுவதே இல்லை, குடும்பம்தான் குடியிருக்கிறது. இதே ரசீதோடு முதல் நாளும் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து நின்றதாம். அவர் வீட்டுப் படத்தையே எடுத்துப் போட்டு வியாபாரம் நடக்கிறது!

அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். "பராமரிப்பாளர் வந்துகொண்டிருக்கிறார், பத்து நிமிஷம்." கொஞ்ச நேரம் கழித்து, "டிராஃபிக் மேம்." விடியற்காலை விகானில் என்ன டிராஃபிக்? அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்.

வாலட் நிறுவனத்தின் உதவி எண்ணில் பாட்டுக் கேட்டே நேரம் போனது. கடைசியில் ஒருவர் வந்து, நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், திருப்ப இயலாது, புகார் எண் தருகிறேன் என்றார். கணக்கை முடக்குவீர்களா என்றால், "சம்பந்தப்பட்ட துறைக்குத் தெரிவிக்கிறோம்." காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பணம் மணிலாவிலிருந்து போனதால் அங்கே போய்ப் புகார் கொடுங்கள், ஆனால் விடுமுறை முடியும்வரை அலுவலகங்கள் மூடியிருக்கும் என்றார்கள். இதைக் கணக்குப் போட்டுத்தான் விடுமுறை வாரமாகப் பார்த்து வலை விரிக்கிறார்கள். பக்கத்தைப் பற்றி வலைத்தளத்துக்குப் புகார் செய்ததற்கு வந்த பதில்: விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. 9,600 பெசோ போயிருக்கிறது, விதிமீறல் இல்லையாம்.

எங்குமே அறை இல்லை. அந்தப் பெரியவர்தான் அம்மாவை உள்ளே உட்காரவைத்து காபி கொடுத்தார், அவரே நாலு இடத்துக்குப் போன் போட்டு, பக்கத்து ஊர் பன்டாயில் மின்விசிறி அறை ஒன்று பிடித்துக் கொடுத்தார். எம்பனாடா என்ற பொரித்த பலகாரம் விற்கும் கடையில் அம்மாவுக்காகத் தொத்திறைச்சி இல்லாமல், பச்சைப் பப்பாளியும் முட்டையும் மட்டும் வைத்துப் பொரித்துத் தந்தார்கள். வெள்ளியன்று மாலை விளக்கு வைத்த தேர்களில் சொரூபங்கள் ஊர்வலமாக வந்தன. அந்த ஊர்க்காரர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் பெயரையும் வீட்டையும் திருடித்தான் இந்தக் கும்பல் பிழைக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தனி ஆள் பெயரில் உள்ள வாலட்டுக்கு அறைப் பணம் அனுப்பாதீர்கள், யார் கணக்குப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வீடியோ கால் செய்து, வாசலிலிருந்து அறைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். சுற்றுலாத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் பிலிப்பைன்ஸ் சைபர் குற்ற உதவி எண் 1326-ஐ உடனே கூப்பிடுங்கள், விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்ச்சைக்குரிய பரிமாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க 2024-ல் வந்த சட்டத்தில் வழி இருக்கிறது. உதவி எண்ணில் பேசியவர் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. நீங்களே கேளுங்கள், விடாதீர்கள்.

மே மாதத் தொடக்கத்தில் விகானில் பினத்பதன் திருவிழா. அதற்கு அறை காலி இருப்பதாக இன்று காலை அந்தப் பக்கத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள், அதே ஜன்னல் படத்தோடு. கீழே நான் எழுதிய எச்சரிக்கையை அழித்துவிட்டார்கள். யாராவது அங்கே போவதாகச் சொன்னால் இதைக் காட்டிவிடுங்கள்.