‘ஹைப்ரிட் பேட்டரி மாத்தியாச்சு’ என்றால் எதை மாற்றினார்கள்? எல்.எஸ். 600எச் எல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய லெக்சஸ் எல்.எஸ். 600எச் எல் வாங்கப் போகிறவர்களும், வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் படிக்க வேண்டிய பதிவு இது. "பேட்டரி புதுசா மாத்தியாச்சு, பில் இருக்கு" என்ற ஒரே வரியை நம்பி வாங்கப்பட்ட ஒரு வண்டியின் கதை. நான்கே மாதத்தில் மீட்டரில் ‘செக் ஹைப்ரிட் சிஸ்டம்’ எரிந்தது. பேட்டரி மாற்றிய அதே வொர்க்‌ஷாப்புக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் பணம் கட்டி, கடைசியில் டோ வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த 20 மாட்யூலில் (பேட்டரியின் தனித்தனிப் பகுதிகள்) மாற்றியிருந்தது மூன்றே மூன்று. அவையும் வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றியவை. வொர்க்‌ஷாப் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் செய்த விதம் தெரிந்தால் போதும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 2007-இல் வந்த ஹைப்ரிட் கார், அதாவது எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை. 5 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு மின் மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை. குட்டை வகையின் வீல்பேஸ் 2970 மி.மீ., நீளமான ‘எல்’ வகையில் 3090. கூடுதல் 120 மி.மீ. முழுக்கப் பின்னால் உட்காருபவரின் காலுக்குப் போகிறது. அவர் முதுகு சாயும் இடத்துக்குப் பின்னால், டிக்கிக்குள் ஹைப்ரிட் பேட்டரி இருக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. 1.2 வோல்ட் செல்கள் பன்னிரண்டு சேர்ந்தால் 14.4 வோல்ட்டில் ஒரு மாட்யூல். அப்படி 20 மாட்யூல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து 288 வோல்ட். இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றி மோட்டாருக்குத் தரும்.

ஏமாற்றுவதற்கு வசதி எங்கே வருகிறது என்றால், அந்த வி8-இல்தான். எஞ்சின் மட்டுமே 290 கிலோவாட். சின்ன ஹைப்ரிட் காரில் பேட்டரி சோர்ந்துவிட்டால் மேட்டில் ஏறும்போதே தெரிந்துவிடும். இந்த வண்டியில் மோட்டார் உதவி குறைந்தாலும் எஞ்சின் மூடி மறைத்துவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து "பட்டு மாதிரி போகுது" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் இதற்குத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்நேட்டரும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி எழுப்புவது ஹைப்ரிட் மோட்டார்தான். பெரிய பேட்டரி படுத்துவிட்டால் அத்தனை குதிரை சக்தியும் அப்படியே நிற்கும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

இனி அந்த மூன்று மாட்யூல். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒரே மின்னோட்டம்தான் இருபதிலும் பாய்கிறது. ஒன்றின் கொள்ளளவு குறைவாக இருந்தால் அதுதான் முதலில் காலியாகும், முதலில் நிரம்பும். காலியான பிறகும் மற்ற பத்தொன்பதும் அதன் வழியாக மின்னோட்டத்தை இழுப்பதால் அதிலுள்ள பலவீனமான செல்லின் பாசிட்டிவ், நெகட்டிவ் தலைகீழாக மாறிச் சூடேறும். சூடு பக்கத்து மாட்யூலுக்கும் போகும். ஒரே வயதில், ஒரே மாதிரித் தேய்ந்த இருபதில் மூன்றை மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்து செருகினால், அடுத்துப் பலவீனமானது எது என்பதுதான் கேள்வி. சில வாரம், சில மாதம், பிறகு அதே எரர். ‘ரீகண்டிஷன்’ என்று நியாயமாகச் செய்பவர்கள் இருபதையும் கழற்றி, ஒவ்வொன்றையும் சில சுற்று சார்ஜ்-டிஸ்சார்ஜ் செய்து, கொள்ளளவு அளந்து, ஒத்து வருவதை மட்டும் சேர்ப்பார்கள். நாள் கணக்கில் ஆகும் வேலை அது. காலையில் விட்டு மாலையில் கிடைத்த வண்டியில் அது நடந்திருக்கவே முடியாது.

அந்த வொர்க்‌ஷாப்பில் முதல் முறை சொன்ன காரணம் 12 வோல்ட் பேட்டரி. இது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட் பேட்டரி சோர்ந்தால் இந்த வண்டியில் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். ஆனால் ஸ்கேனரில் வந்திருந்த எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) பி0ஏ80, அதாவது ஹைப்ரிட் பேட்டரியையே மாற்றச் சொல்லும் கோடு. அதை 12 வோல்ட்டின் தலையில் கட்டிவிட்டு, கோடை அழித்து, ஒரு புது 12 வோல்ட் பேட்டரிக்குப் பில் போட்டார்கள். இரண்டாம் முறை "இன்னொரு மாட்யூல் போயிடுச்சு" என்றார்கள்.

மூன்றாம் முறைதான் உண்மையான நாசம். ஏ.சி. குளிரவில்லை என்று சொன்னதற்குக் காஸ் நிரப்பினார்கள். சாதாரண காரின் ஏ.சி. கம்ப்ரஸர் பெல்ட்டில் சுற்றும். இதில் உயர் வோல்ட்டேஜில் ஓடும் மின் கம்ப்ரஸர். மோட்டாரின் காப்பர் சுற்றே காஸும் ஆயிலும் ஓடும் இடத்துக்குள் இருக்கிறது, ஆகவே அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். டென்சோவின் என்.டி. ஆயில் 11 என்ற பி.ஓ.இ. வகைதான் இதற்குப் போட வேண்டும். மற்ற கார்களுக்குப் போடும் பி.ஏ.ஜி. ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் இறங்கும். தனியாக ஊற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. முந்தைய வண்டிக்குப் பயன்படுத்திய காஸ் மெஷினின் ஹோஸில் ஒட்டியிருக்கும் ஆயிலே போதும். லீக் அடைக்கும் திரவம், கசிவைக் கண்டுபிடிக்கப் போடும் பி.ஏ.ஜி.யில் கரைத்த சாயம் எல்லாமே அதே ஆபத்து. விளைவு பி0ஏஏ6, உயர் வோல்ட்டேஜ் சுற்றிலிருந்து பாடிக்கு மின் கசிவு. ஓடிக்கொண்டிருக்கும்போது கோடு வந்தால் வண்டி ஓடும். ஒருமுறை அணைத்துவிட்டால் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு மறுபடி வராது. டோ வண்டி வந்தது இதனால்தான். கெட்ட ஆயிலை முழுக்க வெளியேற்ற வேண்டுமென்றால் கம்ப்ரஸரோடு கண்டென்சர், எவாப்பரேட்டர் என்று காஸ் ஓடிய பாகங்கள் வரிசையாகப் போகும். பின் இருக்கைக்குத் தனி ஏ.சி. உள்ள வண்டியில் அதுவும் சேரும். ஒரு ஹோஸைச் சுத்தம் செய்யாத சோம்பலுக்கு இவ்வளவு. ஹைப்ரிட் காரில் காஸ் நிரப்புவதற்கு முன், "மெஷின்ல என்ன ஆயில் இருக்கு, ஹோஸை எப்படி ஃப்ளஷ் பண்ணீங்க?" என்று கேளுங்கள். விழித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். காஸ் அளவும் பானட்டுக்கு அடியிலுள்ள லேபிளில் இருப்பதுதான். மெக்கானிக்கின் கைக்கணக்கு வேண்டாம்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு மணி நேரம் போதும், ஆனால் ஹைப்ரிட் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவுக் கருவி இங்கே குருடு. முதலில் பார்க்க வேண்டியது கோடு இருக்கிறதா என்பதல்ல, கோடு அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பது. ‘கோடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்ற எண், ஸ்கேனர் படிக்கும் ஓ.பி.டி. தரவில் தனியாகக் கிடைக்கும். அது 15 கி.மீ. என்று காட்டி, மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) ‘இன்கம்ப்ளீட்’ என்று நின்றால் நேற்றோ இன்று காலையோ அழித்திருக்கிறார்கள். விற்பவரைக் கேட்டால் "சர்வீஸ்ல 12 வோல்ட் கழட்டினோம்" என்பார். இருக்கலாம். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்து இருபது மாட்யூலின் வோல்ட்டேஜ். நின்ற நிலையில் ஒவ்வொன்றும் 15-16 வோல்ட் பக்கம் இருக்கும், தங்களுக்குள் 0.2, 0.3-க்கு மேல் விலகக் கூடாது. ஓய்வில் எல்லாமே ஒழுங்காகத்தான் தெரியும், அதனால் இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் திரையைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் பத்து விநாடி முழுதாக அழுத்துங்கள், எல்லாம் சேர்ந்து இறங்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாக விழுந்தால் அது போய்க்கொண்டிருக்கிறது. எப்போதும் 1.2 வோல்ட் குறைவாகவே நின்றால் அதில் ஒரு செல் செத்தேவிட்டது. பிறகு இறக்கத்தில் பிரேக் பிடித்து சார்ஜ் ஏறும்போதும் பாருங்கள். இறங்கும்போது எல்லோரையும்விடக் கீழே போனது, ஏறும்போது எல்லோரையும்விட மேலே போனால் கொள்ளளவு குறைந்த மாட்யூல் அதுதான். எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைச் சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது, இதற்கு ஓட்டக்கூட வேண்டாம். பேட்டரி 6.5 ஆம்பியர்-மணி, 288 வோல்ட். மொத்தமே 1.9 கிலோவாட்-மணிக்குக் கொஞ்சம் குறைவு. சார்ஜ் இருப்பு 60 சதவீதம் இருக்கும்போது வண்டியை நிறுத்தி, ரெடியில் வைத்து, எஞ்சின் அணைந்ததும் ஏ.சி.யை ஓட விடுங்கள். 60-இலிருந்து 40-க்கு இறங்க 0.37 கிலோவாட்-மணி செலவாக வேண்டும். ஏ.சி.யும் விளக்கும் சேர்ந்து 2 கிலோவாட் இழுத்தாலே 11 நிமிடம் ஆகும். மூன்று, நான்கு நிமிடத்தில் சரிந்து எஞ்சின் எழுந்து, அடுத்த இரண்டு நிமிடத்தில் மறுபடி 60-க்கு ஏறி நின்றால் கொள்ளளவு தேய்ந்துவிட்டது, பெரிய டம்ளர் என்று சொல்லிச் சங்கில் ஊற்றித் தருகிறார்கள்.

டிக்கியின் முன்சுவர் உறை, பின் இருக்கை முதுகு இரண்டின் கிளிப்புகளையும் பாருங்கள். ‘எல்’ வகையின் பின் இருக்கையில் மோட்டாரும் கனெக்டரும் ஏராளம், கழற்றிப் போடும்போது அவசரக்காரன் எதையாவது உடைத்திருப்பான். கிளிப் ஒன்றுகூட அசையாமல் இருந்தால் பேட்டரி மாற்றவே இல்லை என்ற சந்தேகமும் நியாயமே.

மற்றவை சுருக்கமாக. இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் சுற்றும் தனி மின் பம்ப்பும் உண்டு. வண்டி ரெடியில் இருக்கும்போது அதன் தொட்டியில் நீர் அசைய வேண்டும். அசையாவிட்டால் பம்ப் போயிருக்கிறது, பாதிக்கப்படப் போவது இன்வெர்ட்டர். ஏர் சஸ்பென்ஷனை இரவு முழுக்க நிறுத்திய வண்டியில்தான் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் சக்கர வளைவின் உயரத்தை டேப்பில் அளந்து, காலையில் மறுபடி அளந்தால் எந்த மூலை கசிகிறது என்று தெரியும். நீங்கள் வரும் முன்னே வண்டியை ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்.

பேட்டரியை நீங்களே திறந்து பார்க்க நினைத்தால், வேண்டாம். திறக்கிறவரிடம் இதைக் கவனியுங்கள்: 12 வோல்ட்டைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு சர்வீஸ் பிளக்கை (உயர் வோல்ட்டேஜைத் துண்டிக்கும் செருகி) எடுத்து, அதைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் 0 வோல்ட் பார்த்த பிறகுதான் உயர் வோல்ட்டேஜ் ஓடும் ஆரஞ்சுக் கேபிளைத் தொட வேண்டும். வெறுங்கையோடு உள்ளே போகிறவர் உங்கள் வண்டியைவிடத் தன் உயிரைத்தான் முதலில் இழப்பார்.

பில்லில் ‘ஹைப்ரிட் பேட்டரி ரிப்பேர்’ என்று ஒரு வரி இருந்தால் அது பில்லே அல்ல. புதிய பேக்கா (முழு பேட்டரி), பிரித்துச் சேர்த்ததா, எத்தனை மாட்யூல், ஒவ்வொன்றின் சீரியல் எண், முன்னும் பின்னும் எடுத்த வோல்ட்டேஜ் பட்டியல், இவை இருக்க வேண்டும். புதிய பேக் என்றால் பார்ட் நம்பரும், பெட்டியின் ஸ்டிக்கர் படமும் கேளுங்கள். கழற்றிய பழைய மாட்யூலையும் கையில் வாங்குங்கள். தரத் தயங்குவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் நான்காவது மாட்யூலுக்குப் பணம் கட்டாதீர்கள். வண்டியை அவர்கள் ஸ்கேனரில் மாட்டுவதற்கு முன் வேறு இடத்தில் கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் தரவையும் (கோடு வந்த நொடியில் பதிவான அளவுகள்) படிக்கவைத்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை அழித்துவிட்டால் அந்தத் தரவும் அதோடு போய்விடும்.