யமஹா பசிஃபிகா 012: முதல் எலெக்ட்ரிக் கிட்டாராக எப்படி?

கையில் காசு குறைவு, எல்லா வகை இசையும் வாசித்துப் பார்க்க ஆசை என்றால் தாராளமாக இதை எடுக்கலாம். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்புகள் இதில் மூன்று: பிரிட்ஜ் (உடம்பில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கம் தடித்த ஒலி தரும் ஹம்பக்கர், மற்ற இரண்டும் தெளிவான ஒலி தரும் சிங்கிள் காயில். அதனால் கரகரவென்ற கனமான டிஸ்டார்ஷனும் எடுபடும், கிளீன் ஒலியும் பளிச்சென்று வரும்.

ட்ரெமோலோ ஆர்மை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பி) ஆரம்பத்தில் தொடாதீர்கள். அழுத்தினால் சுருதி கலையும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரும்வரை இறுக்கி, மறுபடி சுருதி சேருங்கள். தொல்லை பெருமளவு தீரும்.

கடையிலேயே கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனை கீறக் கூடாது. 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் ஸ்வரம், அங்கேயே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கைவிட டியூனரில் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சிறு துண்டு) கழுத்திலிருந்து விலகும்படி பின்னுக்கு நகர்த்தினால் போதும். அதற்காக கிட்டாரை ஒதுக்க வேண்டாம். சின்ன ஆம்ப்புக்கும் நல்ல கேபிளுக்கும் பணம் மிச்சம் வைத்தே வாங்குங்கள்.