ஸ்டெம்வைசர்: நெதர்லாந்தில் முதன்முறை வாக்களிப்பவருக்கு எவ்வளவு உதவும்?

நெதர்லாந்தில் தேர்தல் நெருங்கியதும் பலரும் திறந்து பார்ப்பது ஸ்டெம்வைசர் என்ற இலவச இணையதளத்தைத்தான். ஹேக் நகரிலுள்ள ப்ரோடெமோஸ் நிறுவனம் இதை நடத்துகிறது. 1989இல் காகிதத்தில் தொடங்கி 1998இல் இணையத்துக்கு வந்தது. நாடாளுமன்றத் தேர்தலென்றால் 30 கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ஏன்ஸ்' (உடன்படுகிறேன்), 'ஒன்ஏன்ஸ்' (உடன்படவில்லை) என்று அழுத்திக்கொண்டே போனால், எந்தக் கட்சி உங்கள் கருத்துக்கு அருகில் நிற்கிறது என்று கடைசியில் விழுக்காட்டில் காட்டும்.

புதிதாக வந்தவர்கள் தவறுவது எதிர்மறைக் கூற்றுகளில். மருத்துவக் காப்பீட்டின் 'ஈகன் ரிசிகோ' (காப்பீடு கைகொடுக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) ஒழிக்கப்பட வேண்டும் என்று இருந்தால், 'ஏன்ஸ்' என்பது ஒழிக்கச் சொல்வது. கைபேசி மொழிபெயர்ப்பில் 'நீட்' (டச்சில் 'இல்லை', 'கூடாது' என்ற மறுப்பு) என்ற ஒரு சொல் விழுந்துவிட்டாலே விடை தலைகீழாகிவிடும். விளங்காத கூற்றைத் தாண்டிச் செல்லுங்கள், ஊகித்து அழுத்தாதீர்கள். கூற்றோடு கட்சிகள் தாங்களே எழுதிய விளக்கமும் இருக்கும். இந்தத் தளத்தின் உண்மையான பலம் அதுதான். விழுக்காட்டைவிட அதற்கு நேரம் கொடுங்கள்.

கட்சிகளை ஒப்பிட 5க்கு 4 தரலாம். ஆனால் உங்களுக்கு வாக்குரிமை உண்டா என்பதை இது சொல்லித் தராது. 150 இடங்கள் கொண்ட ட்வேட காமருக்கு (நாடாளுமன்றக் கீழவை) 18 வயது நிரம்பிய டச்சுக் குடிமக்களே வாக்களிக்கலாம். நகரசபைக்கு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும், 5 ஆண்டுகள் இடைவிடாமல் சட்டப்படி வசித்த மற்ற நாட்டவரும் வாக்களிக்கலாம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தாமதித்து இடையில் வெற்றிடம் விழுந்தால் இந்தக் கணக்கு அறுந்துபோகலாம்.

தனியாகப் பதிவு செய்யத் தேவையில்லை. நகரசபையில் பதிந்த முகவரிக்கு, தேர்தலுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் 'ஸ்டெம்பாஸ்' (வாக்களிக்கக் காட்ட வேண்டிய சீட்டு) தபாலில் வரும். வீடு மாறியதை அறிவிக்காதவருக்கு அது பழைய முகவரிக்குப் போய்விடும். தொலைந்தால், தேர்தலுக்கு முந்தைய நாள் நண்பகல் 12 மணிக்குள் நகரசபைக்கு நேரில் போய் மாற்றுச் சீட்டு வாங்கலாம்.

வாக்குச்சீட்டில் ஒரே ஒரு வேட்பாளரின் வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்புங்கள். வெவ்வேறு கட்சிகளில் இரண்டை நிரப்பினால் செல்லாது. வீட்டார் எல்லோருடைய ஸ்டெம்பாஸையும் ஒருவரே கொண்டுபோவது நடக்காது: ஒருவர் மற்றவர்களுக்காக 2 வாக்குகள் வரைதான் போடலாம், அதுவும் தன் வாக்கோடு சேர்த்தே. கொடுப்பவர் ஸ்டெம்பாஸின் பின்புறம் கையொப்பமிட்டு, அடையாள அட்டையின் நகலும் தர வேண்டும். இப்படித் தங்கள் வாக்கைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி ஆட்களைத் தேடிக் கேட்பது குற்றம்.