மறுசுழற்சித் தாள் குறிப்பேடு: எழுதிப் பார்த்ததில்

பழைய தாளைக் கூழாக்கி மீண்டும் தாளாக்கும் ஒவ்வொரு முறையும் நார்கள் குறுகி வலுவிழப்பதால், மெல்லிய மறுசுழற்சித் தாளைத் தவிர்த்து, அலுவலகக் குறிப்புகளுக்காக 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள்) ஏட்டையே வாங்கினேன். பால்பாயிண்ட் பேனா தடையின்றி ஓடியது. மைப்பேனாவின் எழுத்தோ ஓரங்களில் ஊறிப் பின்பக்கத்திலும் தெரிந்தது. வெளுப்பேற்றாத இளம்பழுப்பு நிறம், டியூப் லைட் வெளிச்சத்திலும் கண்ணை உறுத்தவில்லை. மேல்விளிம்புப் பசைதான் பெருங்குறை: பாதி ஏட்டைக் கிழிப்பதற்குள் மீதித் தாள்கள் தாமாகவே கழன்றுவிட்டன. பையில் திணித்து எடுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பைரல் கட்டே ஏற்றது. அட்டையிலுள்ள பச்சை இலைப் படத்தை மட்டும் நம்பாமல், பயன்படுத்தி முடித்த கழிவுத்தாள் எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறார்களா எனப் பார்த்து வாங்குவது நல்லது. கரும்புச் சக்கைத் தாளும் மரத்தை மிச்சப்படுத்துவதுதான், ஆனால் அது மறுசுழற்சித் தாள் அன்று.